கடைமடைக்கு வந்த தண்ணீர்

மார்ச் 5, ஞாயிறு

காலை ஏழு மணிக்குத் தலைமதகை அடைத்தார்கள். பெரியவாய்க்கால் இனி ஐந்து மாதம் காய்ந்து கிடக்கும். இரு கரையும் அடித்தளமும் சிமெண்ட் போட்டு முடிந்த பிறகுதான் மறுபடி தண்ணீர்.

மதகின் பக்கக் கல்லில் பழைய எழுத்து இருக்கிறது. படிக்க வந்தவர்கள் நானூறு வருடத்துக்கு மேல் என்றார்கள். வாய்க்கால் காவிரியிலிருந்து பிரிந்து பதினோரு மைல் ஓடி எங்கள் ஓலப்புதூரில் முடிகிறது. முடிகிற இடத்தில் எங்கள் இரண்டரை ஏக்கர். பத்திரத்தில் நஞ்சை என்று இருக்கும். கடைசியாக அதில் நெல் விளைந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு, இப்போது அறுபத்துமூன்று. மேலே உள்ளவர்கள் எடுத்தது போக, கரையில் கசிந்தது போக, கடைமடைக்கு வந்து சேர்வது சேறுதான்.

பாசன சங்கத் தலைவர் என்ற முறையில் மதகடியில் நான்தான் தேங்காய் உடைத்தேன். இந்த வேலைக்காக எட்டு வருடம் மனு எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் தங்கை பாவாயி, "அடைச்சுட்டாங்ளாண்ணா?" என்றாள். அடைத்தாயிற்று என்றேன். "சத்தமே இல்லாமப் போச்சு பாருங்க" என்றாள்.

எங்கள் வீடு வாய்க்கால் கரையில். அந்தச் சத்தம் இல்லாமல் வீடு ஒரு மாதிரிதான் இருக்கிறது.

மார்ச் 29, புதன்

எங்கள் துறைக்கு இயந்திரம் வந்தது. ஏழு கல்படிகள். ஒவ்வொன்றும் நாலு ஆள் தூக்குகிற கனம். அரை மணியில் பெயர்த்துக் கரையில் போட்டுவிட்டது.

பாவாயி வேலை முடியும்வரை நின்று பார்த்தாள். இருபத்தாறு வயதில் தாலியறுத்து வந்த நாளிலிருந்து அவளுக்கு எல்லாம் இந்தத் துறைதான். குளிக்க, துவைக்க, பாத்திரம் விளக்க, வெற்றிலை அலச. வீட்டுக்குப் பின்னால் இருபது சென்ட் வெற்றிலைக் கொடிக்கால் அவளுடையது. நட்டது, கட்டியது, கிள்ளியது எல்லாம் அவள்தான். என் மனைவி இறந்தபோது மகள் கோகிலாவுக்கு மூன்று வயது. அவளை வளர்த்து, படிக்கவைத்து, கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்ததும் பாவாயிதான்.

"ஏனுங்ணா, நம்ம தொறைக்குத் திரும்பப் படி வெப்பாங்கள்ல?"

"பிளான்ல இருக்குது அம்மிணி. வெப்பாங்க."

வரைபடத்தில் இருக்கிறது. ஊருக்கு ஒன்றாக மொத்தம் ஒன்பது படித்துறை. நானே பார்த்தேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

சங்கக் கூட்டம். மேல்மடை அர்த்தநாரி மறுபடி ஆரம்பித்தார். கரையைச் சிமெண்டால் மூடினால் கிணறுகளுக்கு ஊற்று இருக்காது என்கிறார்.

"ஒழுகற தண்ணிதான் மச்சான் எங்க கெணத்துல நிக்குது. அத நீங்க வீணாப்போறதுங்கறீங்க."

"நாப்பது வருசமா எங்க காட்டுக்கு வராத தண்ணி உங்க கெணத்துல நின்னுதுன்னு இன்னிக்காவது ஒத்துக்கிட்டீங்களே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வாக்கெடுப்பில் வேலை தொடர நாற்பத்தொன்று, எதிர்த்து ஆறு.

மே 9, செவ்வாய்

வெயில் தாங்கவில்லை. கிணற்றில் மூன்றடிகூட இல்லை. கொடிக்காலில் கீழ் இலை எல்லாம் கருகுகிறது. பாவாயி ஊர்க்குழாயிலிருந்து காலையிலும் மாலையிலும் இருபது இருபது குடம் எடுத்து ஊற்றுகிறாள். இந்த வருடம் விட்டுவிடு, ஆடியில் தண்ணீர் வந்ததும் புதுக்கொடி நட்டுக்கொள்ளலாம் என்றேன்.

"உசுரு இருக்கறதக் காயவிட்டுட்டுப் புதுசு நடச் சொல்றீங்களாக்கும்" என்றாள்.

நானும் பத்துக் குடம் எடுத்தேன். தோள் வலி.

மே 10, புதன்

தோள் வலி. தைலம்.

ஜூன் 13, செவ்வாய்

ஆட்கள் பாதிப் பேர் ஊர்த் திருவிழாவுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. இரண்டரை மைல் தூரம் இன்னும் மண்ணாகவே கிடக்கிறது. ஒர்க் இன்ஸ்பெக்டர் ஞானசேகரனைக் கேட்டால், "நான் என்னங்க பண்றது, எனக்கு மேல இருக்கறவங்களக் கேளுங்க" என்கிறார். நல்ல மனிதர். மூன்று மாதமாக வெயிலில் நின்று கறுத்துப்போய்விட்டார்.

ஆடிப் பதினெட்டுக்குத் தண்ணீர் வரும் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். கடைமடைக்காரர்கள் பன்னிரண்டு பேர் என்னை நம்பி நாற்றங்காலுக்கு விதை வாங்கிவிட்டார்கள். நானும் வாங்கினேன்.

ஜூன் 27, செவ்வாய்

அலுவலகம் போனேன். உதவிப் பொறியாளர் சுகந்தி அம்மாவைப் பார்த்தேன். இப்போதிருக்கிற வேகத்தில் செப்டம்பர் கடைசி ஆகும் என்றார். செப்டம்பர் என்றால் இந்த வருடம் நெல் இல்லை. அதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசினோம். சில சின்ன வேலைகளை அடுத்த வருடத்துக்குத் தள்ளினால் ஆடிக்குள் முடிக்கலாம், அதற்குச் சங்கத்தின் சார்பில் கடிதம் வேண்டும் என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் பாவாயிக்கு மைசூர்பாகு வாங்கினேன். அவளுக்குப் பிடிக்கும்.

ஜூலை 10, திங்கள்

வேலை வேகமாக நடக்கிறது. கொத்தனார்கள் எங்கள் வீட்டருகே வந்துவிட்டார்கள். பாவாயி அவர்களுக்கு ஒரு குடம் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்தவள் ஒன்றும் பேசவில்லை. வெயில் காரணமாக இருக்கும். ராத்திரிச் சோற்றுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு.

ஜூலை 16, ஞாயிறு

கிணற்றில் ஊறியதை இறைத்தே நாற்று நன்றாக வந்திருக்கிறது. கடைமடையில் பச்சையைப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது. அர்த்தநாரி அந்தப் பக்கமாகப் போனார், நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

தலைமதகைத் திறந்தார்கள். எனக்கு மாலை போட்டார்கள். மண் வாய்க்காலில் ஊருக்கு வர ஒன்றரை நாள் ஆகும். இன்றைக்கு மாலை ஐந்துக்கெல்லாம் வீட்டு வாசலில் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தண்ணீர் இப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு. பெண்கள் எல்லோரும் முளைப்பாலிகை எடுத்துக்கொண்டு எங்கள் துறைக்கு வந்தார்கள். துறை இருந்த இடத்தில் இப்போது வழவழவென்று சரிவு. மேலேயே நின்று பூவும் மஞ்சளும் போட்டார்கள். கயிறு கட்டிக் குடத்தை இறக்கித் தண்ணீர் மொண்டார்கள். கீழே யாரும் இறங்கவில்லை. ஆடு மேய்க்கிற செல்லாயி, "என்ன தலைவரே, சாமி கும்பிடக் காலு நனைக்கக்கூட எடமில்லையே" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

நான் வாய் திறப்பதற்குள் பாவாயி, "அடுத்த வருசம் வெச்சுருவாங்க செல்லா. இந்த வருசம் தண்ணி வந்துதேன்னு கும்புடு" என்றாள்.

அடுத்த வருடம் என்று நான் அவளிடம் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 5, சனி

இன்று கடைமடைக்குத் தண்ணீர் வந்தது.

மேல்மடைகளின் முறை முடிந்து, மதியம் இரண்டு பத்துக்கு எங்கள் மடையைத் திறந்தேன். மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்டது. பாவாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலின் நடுவில் போய் நின்றாள். கெண்டைக்கால்வரை தண்ணீர். "அப்பா பாத்திருந்தா அழுதிருப்பாருங்ணா" என்றாள். அவள்தான் அழுதாள். ஐம்பத்தேழு வயது, சின்னப்பிள்ளை மாதிரி.

நானும்தான்.

ஆகஸ்ட் 9, புதன்

நடவு முடிந்தது. பதினான்கு ஆட்கள். பாவாயி அத்தனை பேருக்கும் சமைத்தாள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பாவாயி தவறிவிட்டாள்.

ஆகஸ்ட் 17, வியாழன்

காரியம் முடிந்தது. உறவு எல்லாம் கிளம்பியாயிற்று. கோகிலா மட்டும் இருக்கிறாள். நடவு வயலில் தண்ணீர் அதிகம் நிற்கிறது என்று பக்கத்து வயல் செங்கோடன் சொல்லிவிட்டுப் போனார். போய் வடித்துவிட்டு வந்தேன். ஒரு மூலையில் நாற்று மிதந்திருந்தது, ஊன்றினேன்.

எருமை பால் கொடுக்க மாட்டேன் என்கிறது. அவள் கைக்குப் பழகியது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

மழை இல்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

செல்லாயி வந்தாள். கோகிலா அவளை உட்காரவைத்து, அன்றைக்கு நடந்ததை முழுசாகச் சொல்லச் சொன்னாள். நான் உள்ளே இருந்தேன். கேட்டது.

பாவாயி மறுநாள் ஏலத்துக்கு வெற்றிலை கிள்ளி, கூடையோடு அலசப் போயிருக்கிறாள். சரிவில் உட்கார்ந்து கூடையை நனைத்திருக்கிறாள். தண்ணீர் கூடையை இழுத்திருக்கிறது. அவள் விடவில்லை. செல்லாயி எதிர்க்கரையில் ஆடுகளோடு இருந்தாள்.

"சறுக்கிட்டுப் போனாங்க கண்ணு. உங்கத்தைக்கு நீச்சல் தெரியுமே, ஏறிருவாங்கன்னுதான் நெனச்சேன். ஓரத்துக்கு வந்துட்டாங்க. கையத் தூக்கித் தூக்கி வெக்கறாங்க, வழுக்குது. புடிக்க ஒரு புல்லு இல்ல, ஒரு கல்லு இல்ல. நான் பாலத்தச் சுத்தி இந்தக் கரைக்கு ஓடியாந்தேன். படுத்துக்கிட்டுச் சேலையக் கீழ உட்டேன். ஒருக்காப் புடிச்சாங்க. ஈரக்கை, உருவிருச்சு. என்னையப் பாத்தாங்க கண்ணு. அப்புறம் தண்ணி கொண்டுபோயிருச்சு."

கோகிலா கேட்டாள்: "படி இருந்திருந்தா?"

"படி இருந்திருந்தா எந்திரிச்சு நடந்து வந்திருப்பாங்க."

ஆகஸ்ட் 22, செவ்வாய்

யூரியா ஒரு மூட்டை.

ஆகஸ்ட் 25, வெள்ளி

அன்றைக்கு எனக்கு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டாலும் தினமும் அதுவேதான் வருகிறது.

காலை ஒன்பதே முக்கால் இருக்கும். நான் கடைமடையில் வயலுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தேன். மடைக் கம்பியில் ஒரு வெற்றிலை வந்து ஒட்டியது. பிறகு இரண்டு. பிறகு பத்து, இருபது. எடுத்துப் பார்த்தேன். எங்கள் வெள்ளைக்கொடிதான், காம்பு கிள்ளியிருப்பதைப் பார்த்தாலே அவள் கை என்று தெரியும். "இத்தன எலைய உட்டுப்போட்டு அங்க என்ன பராக்குப் பாக்கறா" என்று வாய்விட்டுச் சொன்னேன். திட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். குடம் குடமாக ஊற்றிக் காப்பாற்றிய இலைகள். துண்டை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கிழிந்ததைத் தனியாகப் போட்டேன். வாடாமல் இருக்கட்டும் என்று தென்னை நிழலுக்கு நகர்த்தினேன்.

அப்புறம் கூடை வந்தது. அதையும் எடுத்தேன். கவிழ்த்துத் தண்ணீரை வடித்தேன். கூடையை வரப்பில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கரைமேல் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது.

மடை வாயிலிருந்து அவளை நான்தான் எடுத்தேன். வேறு யாரையும் தொடவிடவில்லை.

ஆகஸ்ட் 28, திங்கள்

ஊர் கொதித்துக் கிடக்கிறது. படியை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்காமல் போனது யார் என்று கேட்கிறார்கள். புதன்கிழமை மெயின் ரோட்டில் மறியல். நான்தான் முன்னால் நிற்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். தலைவர் நான், இறந்தது என் தங்கை.

கோகிலா மனு எழுதினாள். 'வரைபடத்தில் இருந்த படித்துறைகளைக் கட்டாமல் விட்ட அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்.' முதல் கையெழுத்து என்னைப் போடச் சொன்னாள். போட்டேன்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

சுகந்தி அம்மா வீட்டுக்கு வந்தார். தனியாக வந்தார். கோகிலா கடைக்குப் போயிருந்தாள். பாவாயி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் பையிலிருந்து ஒரு நகலை எடுத்து என்னிடம் கொடுத்தார். என் கையெழுத்து. எப்போதும் நான் பெருமையாக நினைக்கிற அதே கையெழுத்து.

'ஒன்பது படித்துறைப் பணிகளையும் அடுத்த ஆண்டு இரண்டாம் கட்டத்தில் எடுத்துக்கொள்ளச் சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை. ஆடிப் பதினெட்டுக்குள் தண்ணீர் விட வேண்டுகிறோம்.'

"தலைவரே, உங்க மேல பழி போட நான் வரல. இதைச் சொன்னதே நான்தான், எனக்கும் தூக்கம் இல்லை. ஆனா நாளைக்கு நீங்க முன்னால நின்னா ஃபைலைக் கேப்பாங்க. கேட்டா நான் காட்டணும்."

அவர் போன பிறகு நகலை அடுப்பில் போட்டேன்.

ஆகஸ்ட் 30, புதன்

உடம்பு சரியில்லை. மறியலுக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 31, வியாழன்

உடம்பு சரியில்லை என்று எழுதியிருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 6, புதன்

ஞானசேகரனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். படிக் கற்களை அனுமதி இல்லாமல் பெயர்த்ததாகவும் அந்த இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்கவில்லை என்றும் காரணம். ஊரில் வெடி வைத்தார்கள்.

செப்டம்பர் 8, வெள்ளி

பஸ்ஸில் ஞானசேகரனைப் பார்த்தேன். எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். "அம்மா போனதுல என் தப்பும் இருக்குங்க தலைவரே. ஒரு கயித்தையாவது கட்டிவிட்டிருக்கணும்" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. நான் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கிவிட்டேன். மூன்று மைல் நடந்து வந்தேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

கோகிலா வந்திருந்தாள். அத்தையின் பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். யாருக்கு எதைக் கொடுப்பது என்று என்னைக் கேட்டாள்.

"கண்ணு, படிய அப்பறம் பாத்துக்கலாம்னு எழுதிக் குடுத்தது நான்தான்" என்றேன்.

கையிலிருந்த சேலையை மடியில் வைத்துக்கொண்டாள். "எதுக்குங்ப்பா?"

"ஆடிக்குத் தண்ணி வரணும்னு."

"அத்தைகிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

"அத்தை கேட்டாங்களா?"

"ஒருக்காக் கேட்டா. வெப்பாங்கன்னு சொன்னேன். அது எழுதிக் குடுக்கறதுக்கு முன்னால."

"அப்பறம் நீங்களா சொல்லல."

"சொல்லல."

என்னைப் பார்க்கவே இல்லை. எல்லாச் சேலையையும் மடித்து மறுபடி பெட்டியில் அடுக்கினாள். ஒன்றை மட்டும் பையில் வைத்துக்கொண்டாள். பெட்டியை நான் பிடித்து மேலே தூக்கி வைக்கப் போனேன். "உடுங்க, நான் வெச்சுக்கறேன்" என்றாள். மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டுத்தான் போனாள், அவள் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 13, புதன்

கோகிலாவுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

சங்கக் கூட்டத்தை நானே கூட்டினேன். பெண்களையும் வரச்சொன்னேன். ஞானசேகரனையும் வரவழைத்தேன். அறுபது எழுபது பேர் இருப்பார்கள்.

எழுந்து நின்று சொன்னேன். ஜூன் இருபத்தேழாம் தேதி என்ன நடந்தது, கடிதத்தில் என்ன எழுதினேன், யாரையும் கேட்காமல் எழுதினேன், மறியல் அன்று ஏன் வரவில்லை, எல்லாம். ஞானசேகரன் மேல் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். தலைவர் பதவியை விட்டு விலகுகிற கடிதத்தையும் மேசைமேல் வைத்தேன்.

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். அர்த்தநாரி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய கிணறு வற்றிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அவர்தான் முதலில் திட்டுவார் என்று நினைத்திருந்தேன்.

கடைசியில் செல்லாயி பேசினாள். இருந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

"எங்களுக்குத் தெரியுமுங்க."

"என்ன தெரியும்?" என்றார் அர்த்தநாரி.

"தலைவருதான் எழுதிக் குடுத்தாருன்னு. பாவாயக்கா சொன்னாங்க. கொத்தனாருகளுக்கு மோர் குடுக்கப் போனப்ப, படிக்கு ஏன் குழி எடுக்கலைன்னு கேட்டிருக்காங்க. உங்கண்ணன்தான் வேண்டாம்னு எழுதிட்டாருன்னு அவங்க சொல்லிப்போட்டாங்க. அக்கா பொம்பளைங்க எங்கள எல்லாம் கூப்பிட்டுச் சொன்னாங்க, 'படியப் பத்தி எங்கண்ணன்கிட்ட ஒருத்தரும் கேக்காதீங்க. நாப்பது வருசமா அந்தக் காட்டுல தண்ணியப் பாக்காம இருந்த மனுசன். இந்த வருசம் அவரு சந்தோசமா இருக்கட்டும்'னாங்க. நான்தான் ஆடியன்னிக்கு வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காமக் கேட்டுப்போட்டேன்."

செப்டம்பர் 18, திங்கள்

இந்த டைரியைத் திரும்பப் படித்தேன். ஜூலை பத்தாம் தேதி மோர் கொண்டுபோயிருக்கிறாள். ஆகஸ்ட் பதின்மூன்று வரை முப்பத்துநான்கு நாள். அந்த முப்பத்துநான்கு நாளும் எனக்குச் சோறு போட்டாள். வெந்நீர் வைத்தாள். எதிரே உட்கார்ந்து நாற்று எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வயலில் நின்று அழுதாள்.

அவள் எதுவும் பேசவில்லை, வெயில் காரணமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறேன். கத்தரிக்காய்க் குழம்பு என்று எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

செல்லாயி சொன்னதைக் கோகிலாவுக்குக் கடிதமாக எழுதினேன். போனில் சொல்ல வாய் வராது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதைத் தபாலில் போட்டேன்.

அக்டோபர் 4, புதன்

ஞானசேகரனுக்கு மறுபடி வேலை கொடுத்துவிட்டார்கள். வந்து சொல்லிவிட்டுப் போனார். சுகந்தி அம்மாவுக்கு வேறு ஊர். ஒன்பது படித்துறையும் உடனே கட்ட உத்தரவு வந்திருக்கிறது. அதற்காகப் பத்து நாள் தண்ணீரை நிறுத்துவார்கள். கடைமடைக்காரர்கள் பயிர் காயுமே என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

எங்கள் துறையில் படி வைத்தார்கள். ஏழு படி. ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. வேலை நடந்த மூன்று நாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். மூன்று நாள்தான் ஆனது மொத்தமே.

அக்டோபர் 15, ஞாயிறு

கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சினேன். எனக்கு இலை கிள்ளத் தெரியாது. முற்றிக் கிடக்கிறது. செல்லாயியைக் கிள்ளிக்கொள்ளச் சொன்னேன். "எனக்கு வேண்டாமுங்க" என்றாள்.

அக்டோபர் 29, ஞாயிறு

கோகிலா வந்தாள். புதுப் படியில் கடைசிப் படிவரை இறங்கி, தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது வாசலில் நின்று, "லெட்டர் வந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். பஸ் வரை கூடப் போனேன். பையை என்னிடம் கொடுக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 8, புதன்

மருந்து அடிக்க வேண்டியிருந்தது. ஆள் கிடைக்கவில்லை. நானே அடித்தேன்.

நவம்பர் 12, ஞாயிறு

கதிர் நன்றாக வந்திருக்கிறது. ஒன்றைக் கிள்ளி நசுக்கிப் பார்த்தேன். பால் பிடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே, அடுப்படியைப் பார்த்து, "அம்மிணி, பால் புடிச்சுருச்சு" என்று சொல்லிவிட்டேன்.